குடி புகுந்த வீட்டில் வளரும் பிள்ளை



ஏலக்காயின் பெயரைத் தாங்கிய அறநூல் ஒன்று தமிழில் உண்டு. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஏலாதி அது. அதனை இயற்றிய கணிமேதாவியார் சமண நெறி நின்ற சான்றோர். ஏலம் 1 பங்கு, இலவங்கப்பட்டை 2 பங்கு, சிறுநாவற்பூ 3 பங்கு, மிளகு 4 பங்கு, திப்பிலி 5 பங்கு, சுக்கு 6 பங்கு என்று கூட்டி இடித்த சூரணத்திற்கு ஏலாதி என்று பெயர். அந்தச் சூரணம் உடலின் நோயைத் தீர்ப்பது போல, ஒரு பாட்டுக்கு ஆறு பொருள் வீதம் எடுத்துரைத்து உள்ளத்தின் நோயைத் தீர்க்க எழுந்த நூல் அது.

அந்த ஏலம் விளையும் மலைச்சரிவிலும் அதன் அடிவாரத்துப் போடிநாயக்கனூரிலும் வாழும் பிள்ளைகளை முன்வைத்து ஒரு நோயைப் பற்றிப் பேசுவதே இவ்வுரையின் நோக்கம். குடிக்கும் தந்தையோடு, குடிக்கும் அண்ணனோடு, குடிக்கும் தாத்தாவோடு, சில வீடுகளில் குடிக்கும் தாயோடு ஒரே கூரையின் கீழ் வளரும் பதின்பருவத்துப் பிள்ளை தானும் குடியைத் தொட்டுவிடும் நிலையே அந்த நோய். இது போடிக்கு மட்டும் உரியதன்று. தமிழகத்தின் எந்த ஊருக்கும் உரியது. ஆயினும் ஏலமலை வாழ்க்கையின் நேர ஒழுங்கை அறிந்தால், அந்நோய் ஒரு வீட்டுக்குள் எவ்வழியாக நுழைகிறது என்பது தெளிவாகப் புலப்படும்.

இப்பகுதி சமணப் பெருமக்களுக்கு அயலானதும் அன்று. போடிக்குத் தெற்கே உத்தமபாளையத்தில் பாறை முகத்தில் செதுக்கிய தீர்த்தங்கரர் திருவுருவங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இன்றும் உள்ளன. அச்சணந்தி முனிவரின் பெயரை அங்கே காணலாம். அறம் உரைத்தவர்கள் வாழ்ந்த மண்ணில் வளரும் பிள்ளைகளின் நலன், அவர்கள் எச்சமயத்தவராயினும், அறம் போற்றும் எவருக்கும் உரிய கவலையே ஆகும்.

மலைச்சரிவின் ஒரு நாள்

போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்தின் தலைவாயில். நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் இங்கும், கேரளத்து இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நடைபெறுகிறது. காய் விளைவதோ பெரும்பாலும் போடிமெட்டுக்கு அப்பால், பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி, உடும்பன்சோலை என விரியும் இடுக்கி மாவட்டச் சரிவுகளில். அத்தோட்டங்களின் வேலைக்குத் தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து ஆண்களும் பெண்களும் ஜீப்புகளில் நாள்தோறும் மலையேறுகின்றனர். அதிகாலையில் வீட்டை விட்டால் பொழுது சாயும் வேளையில்தான் திரும்ப இயலும். அடிவாரத்திலோ காயைத் தரம் பிரிக்கும் வேலையில் பெண்கள் பகல் முழுதும் அமர்ந்திருக்கின்றனர்.

ஏலக்காய் ஒரே நேரத்தில் முற்றுவதில்லை. ஒரே சரத்தில் முற்றிய காயும் பிஞ்சும் கலந்து நிற்கும். ஆகவே ஏறத்தாழ ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதத்திற்கு ஒரு முறை அதே செடியிடம் திரும்பி வந்து, முற்றியதை மட்டும் எடுக்க வேண்டும். ஆடி, ஆவணியில் தொடங்கும் பறிப்பு தை, மாசி வரை நீள்கிறது. அத்தனை மாதங்களும் பிள்ளை விழித்தெழும் நேரத்திலும் பள்ளியிலிருந்து திரும்பும் நேரத்திலும் வீட்டில் பெரியவர் இருப்பது அரிது. இருள் சூழ்ந்த பிறகு ஒன்று கூடும் வீட்டில், களைத்த உடல்களும் அன்றைய கூலியும் ஒன்றாக வந்து சேர்கின்றன. அந்த வேளையில்தான் புட்டியும் வந்து சேர்கிறது.

குடிப்பதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எல்லா மலைப்பகுதிகளிலும் ஒன்றே: குளிர், உடல்வலி, அலுப்பு. இவற்றுள் குளிர் பற்றிய நம்பிக்கை முற்றிலும் பிழையானது. மது தோலுக்கு அடியிலுள்ள குருதிக் குழாய்களை விரிவடையச் செய்கிறது. அதனால் தோல் சூடாவது போலத் தோன்றினாலும், உடலின் உள்வெப்பம் வெளியேறி உடல் மேலும் குளிர்கிறது. அலுப்புத் தீர உறங்குவதாகக் கருதினாலும், மது தரும் உறக்கம் இரவின் பிற்பகுதியில் கலைந்து போகிறது. காலையில் ஜீப்புக்கு எழும் உடல் முந்தைய நாளினும் அலுப்போடு எழுகிறது. வலியும் அலுப்பும் உண்மையானவை. அவற்றுக்குக் குடி மருந்தன்று.

போடிமெட்டு இரு மாநிலங்களின் எல்லை. தமிழகத்தில் 21 வயது நிரம்பாதவருக்கும் கேரளத்தில் 23 வயது நிரம்பாதவருக்கும் மது விற்பது குற்றம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 18 வயது நிரம்பாத பிள்ளைக்கு மருத்துவர் பரிந்துரையின்றி மது கொடுப்பவர் எவராயினும் அவருக்கு 7 ஆண்டுகள் வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. எல்லையின் இருபுறமும் சட்டம் கடையின் வாயிலைக் காக்கிறது. ஆனால் வீட்டுப் பரணில் மறைத்து வைத்த புட்டிக்கும் பிள்ளையின் கைக்கும் இடையே சட்டம் வந்து நிற்பதில்லை. அந்த இடத்தைக் காக்க வேண்டியவர்கள் வீட்டாரும் சுற்றத்தாருமே.

எண்ணிக்கை கூறுவது

மைய அரசின் சமூக நீதி அமைச்சகத்திற்காக, தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் நிறுவனம் நாடு தழுவிய ஆய்வு ஒன்றை நடத்தி 2019ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதன்படி 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர். அவர்களுள் 5.7 கோடிப் பேருக்கும் மேற்பட்டோர் குடியால் தீங்குற்று அல்லது அதற்கு அடிமைப்பட்டு உதவி தேவைப்படும் நிலையில் உள்ளனர். 10 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளில் குடிப்பவர் 1.3 விழுக்காடு. விழுக்காட்டளவில் சிறிதாகத் தோன்றும் இவ்வெண், தலைக்கணக்கில் ஏறத்தாழ 30 லட்சம் பிள்ளைகளைக் குறிக்கிறது.

குடிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை இவ்வாறு கிடைக்கிறது. குடிப்பவரோடு வாழும் பிள்ளைகளின் எண்ணிக்கையோ இதனினும் பன்மடங்கு பெரிதாகவே இருக்கும். உதவி தேவைப்படும் அந்த 5.7 கோடிப் பேருள் பெரும்பாலோர் ஏதோ ஒரு வீட்டில், யாரோ ஒரு பிள்ளையின் கண்முன் வாழ்பவர்கள். அப்பிள்ளை குடிக்காதவரை எந்தக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை; குடிக்கத் தொடங்கிய பிறகே கணக்கில் சேர்கிறது.

பரம்பரையா, பழக்கமா?

தந்தை குடித்தால் மகனும் குடிப்பான் என்பது ஊரார் வாக்கு. அது எந்த அளவு உண்மை என்பதை டென்மார்க்கு நாட்டில் ஓர் ஆய்வு சோதித்தது. குடிக்கு அடிமையான பெற்றோருக்குப் பிறந்து, பச்சிளம் பருவத்திலேயே பிற குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட ஆண்மக்கள் 55 பேரையும், அத்தகைய பெற்றோர் அல்லாதாரின் தத்துப்பிள்ளைகள் 78 பேரையும் ஆய்வாளர் டொனால்டு குட்வின் குழுவினர் ஒப்பிட்டனர். 1973இல் வெளிவந்த அதன் முடிவின்படி, முதல் பிரிவில் 10 பேரும் இரண்டாம் பிரிவில் 4 பேரும் குடிக்கு அடிமையாகி இருந்தனர். ஏறத்தாழ நான்கு மடங்கு வேறுபாடு. குருதியில் ஏதோ ஒன்று வருகிறது என்பது இதனால் உறுதிப்பட்டது.

ஆனால் அதே கணக்கை மறுபுறமிருந்தும் படிக்க வேண்டும். அந்த 55 பேரில் 45 பேர் குடிக்கு அடிமையாகவில்லை. பரம்பரை ஒரு சாய்வைத் தருகிறதே அன்றி ஒரு தீர்ப்பை எழுதுவதில்லை. நீரிழிவு உள்ள குடும்பத்தில் பிறந்தவர் உணவில் கூடுதல் விழிப்போடு இருப்பது போல, குடி உள்ள குடும்பத்தில் பிறந்தவர் முதற்குவளையிடம் கூடுதல் விழிப்போடு இருக்க வேண்டும் என்பதே அச்சாய்வின் பொருள். உன் தந்தையைப் போலத்தான் நீயும் ஆவாய் என்று கோபத்தில் கூறும் சொல் அறிவியலுக்கும் முரணானது, அன்புக்கும் முரணானது. அச்சொல்லைப் பலமுறை கேட்ட பிள்ளை ஒருநாள் அதனை நம்பிவிடும்.

குருதி தருவது சாய்வு என்றால், அச்சாய்வில் காலை வழுக்கச் செய்வது வீட்டுப் பழக்கம். சோடா வாங்கி வா என்று பிள்ளையை அனுப்புகிறார் தந்தை. குவளையைக் கழுவி வை, தொட்டுக்கொள்ள ஏதேனும் வாங்கி வா என்கிறார். காலையில் பாயருகே கிடக்கும் புட்டியை எடுத்து எறிவதும் பிள்ளையின் வேலையாகிறது. அதன் அடியில் இரண்டு மிடறு மீதம் இருக்கும். பெற்றோர் இருவரும் மலைக்குச் சென்றுவிட்ட பகற்பொழுதில் அந்த இரண்டு மிடறைக் காண்பவர் யாரும் இல்லை. திருமணம், காதுகுத்து, ஊர்த் திருவிழா என்று உறவினர் கூடும் இடத்தில், மீசை அரும்பிய பையனிடம் ஒரு குவளையை நீட்டி அவன் ஆண்மகன் ஆனதைக் கொண்டாடும் மாமன்மாரும் உண்டு.

சிறிது சிறிதாக வீட்டிலேயே கொடுத்துப் பழக்கினால் பிள்ளை அளவறிந்து நிற்கும் என்று கருதுவோர் படித்தவர்களிடையே பலர். ஆஸ்திரேலியாவில் 1,927 இளையோரையும் அவர்தம் பெற்றோரையும் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. பெற்றோர் கையால் மது பெற்ற பிள்ளைகளுக்கு அதனால் எவ்விதப் பாதுகாப்பும் கிட்டவில்லை. மாறாக, அவர்கள் வெளியிடங்களிலும் மதுவைத் தேடிப் பெறுவதும், பின்னாளில் அளவுமீறிக் குடிப்பதும் மிகுந்திருந்தன.

அமெரிக்காவில் 1990களில் எடுத்த பெருங்கணக்கெடுப்பு ஒன்று, 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் வாழ்வின் ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையானதையும், 20 வயதிலோ அதற்குப் பின்னரோ தொடங்கியவர்களில் அது ஏறத்தாழ 10 விழுக்காடே என்பதையும் காட்டியது. மனித மூளை முழு வளர்ச்சி எய்த 20 வயதுக்கு மேலும் சில ஆண்டுகள் ஆகின்றன. விளைவை எண்ணிப் பார்க்கும் பகுதியும் ஆசையை அடக்கும் பகுதியும் கடைசியாக முதிர்பவை. முற்றாத ஏலக்காயைப் பறித்து உலர்கூடத்தில் இட்டால் அது சுருங்கிப் போகும், எடையும் நில்லாது என்பதைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் அறிவர். பிஞ்சைப் பறிக்கலாகாது என்ற அந்த அறிவு வீட்டுப் பிள்ளையிடமும் செல்ல வேண்டும்.

பிள்ளை சுமக்கும் பாரம்

குடி புகுந்த வீட்டுப் பிள்ளை சும்மா வளர்வதில்லை. அதற்கு வேலைகள் இருக்கின்றன. காலடி ஓசையைக் கேட்டே தந்தை எந்நிலையில் வருகிறார் என்று அறியும் வேலை. தாயின் முன் நின்று அடியை வாங்கும் வேலை. கூலிப் பணத்தை ஒளித்து வைக்கும் வேலை. மூத்த பெண்ணாயின் தம்பி தங்கையரை அடுத்த வீட்டுக்கு அழைத்துச் சென்று உறங்க வைக்கும் வேலை. எல்லாவற்றினும் கடினமானது, மறுநாள் பள்ளியில் எதுவும் நடவாதது போல் அமரும் வேலை.

அதே தந்தை கூலி வாங்கிய நாளில் பரோட்டாப் பொட்டலத்தோடு வந்து, பிள்ளையை மடியில் இருத்தி ஊட்டுபவராகவும் இருப்பார். பிள்ளை அவரை வெறுக்கவும் இயலாமல், நம்பவும் இயலாமல் வளர்கிறது. இத்தகைய பிள்ளை குடியைத் தொடுவது வெறும் விளையாட்டினால் மட்டும் அன்று. அச்சம் அடங்கவும், உறக்கம் வரவும், தன்னையொத்த தோழரோடு சேர்ந்து சிரிக்கவும் அது ஒரு வழியாகத் தோன்றுகிறது. குடியின் கேட்டைக் கண்ணால் கண்ட பிள்ளை குடிக்காது என்பது ஒரு நம்பிக்கையே. சில பிள்ளைகளிடம் அது மெய்யாகிறது. சில பிள்ளைகளோ துன்பம் வந்தால் பெரியவர்கள் செய்வது இதுவே என்று கற்றுக்கொள்கின்றன.

இவ்விடத்தில்தான் ஓர் உண்மையை அழுத்திக் கூற வேண்டியுள்ளது. குடி புகுந்த வீட்டில் அனைவருடைய கவனமும் குடிப்பவர் மீதே குவிகிறது. அவரைத் திருத்தும் வழியைத் தாய் தேடுகிறாள், பாட்டி நேர்ந்துகொள்கிறாள், உறவினர் கூடிக் கூடிப் பேசுகின்றனர். அவர் திருந்தினால் எல்லாம் சரியாகும் என்று பிள்ளையின் நலன் ஒத்திவைக்கப்படுகிறது. திருந்துவதற்குப் பத்தாண்டு ஆகலாம், திருந்தாமலும் போகலாம். பிள்ளைக்கோ 13 முதல் 18 வரையிலான ஆண்டுகள் ஒருமுறைதான் வரும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் 60க்கும் மேற்பட்டோர் உயிரைக் கொண்ட பிறகு, பெற்றோரை இழந்த பிள்ளைகளின் கல்விச் செலவையும் பராமரிப்பையும் அரசு ஏற்றது. அது நற்செயல். ஆனால் ஒரு பிள்ளை பிறர் கண்ணில் பட அதன் பெற்றோர் இறக்க வேண்டியதில்லை. குடிப்பவர் திருந்தும் வரை காத்திராமல் பிள்ளையைக் காக்க முடியும்.

ஒரு தோட்டத் தீவு தந்த பாடம்

அவ்வாறு முடியும் என்பதற்குச் சான்று, ஏலமலையைப் போலவே தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த ஓர் இடத்திலிருந்து கிடைக்கிறது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயி, கரும்பும் அன்னாசியும் விளைந்த தீவு. பல நாடுகளிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்ந்தனர். 1955ஆம் ஆண்டில் அத்தீவில் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரும் அவர்தம் குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அவர்களுள் குடிக்கு அடிமையான பெற்றோரின் பிள்ளைகள் 49 பேர். 18 வயதை எட்டியபோது அவர்களுள் 41 விழுக்காட்டினர் கடும் சிக்கல்களில் வீழ்ந்திருந்தனர். 59 விழுக்காட்டினர் வீழவில்லை.

வீழாதவர்களுக்கு வாய்த்தது என்ன? பெருஞ்செல்வமோ பெரும்பள்ளியோ அன்று. குடிக்கும் பெற்றோர் ஒருபுறம் இருக்க, பிள்ளையிடம் மாறாத அன்பு செலுத்திய வேறொரு பெரியவர் பலருக்கு வாய்த்திருந்தார். பாட்டியோ, சித்தியோ, மாமனோ, ஆசிரியரோ, அண்டை வீட்டாரோ அவ்வாறு துணை நின்றனர். அத்தகைய துணைகள் எத்தனை மிகுந்தனவோ அத்தனைக்குப் பிள்ளைகள் நிலைபெற்றனர் என்பதைப் பிற்கால ஆய்வும் காட்டியது. ஏலச்செடி நேர்வெயிலில் வளராது; மரநிழல் வேண்டும். தன் வீட்டில் நிழல் இல்லாத பிள்ளைக்கு அடுத்த மரத்தின் நிழலும் போதுமானதாகிறது.

அமெரிக்காவில் ஸ்டீவன் வோலின், லிண்டா பென்னட் ஆகியோர் 1979இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு குடும்பச் சடங்குகளை நோக்கியது. சேர்ந்து உண்ணுதல், பண்டிகை, உறவினர் வருகை போன்ற ஒழுங்குகளைக் குடி கலைத்துவிட்ட குடும்பங்களில், குடிநோய் அடுத்த தலைமுறைக்கும் தொடர்வது மிகுந்திருந்தது. பெற்றோருள் ஒருவர் குடித்தாலும் அவ்வொழுங்குகளைக் கலையாமல் காத்த குடும்பங்களில் அது குறைந்திருந்தது. பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் வழக்கமுடைய சமணக் குடும்பங்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். நாளின் ஒரு வேளை கலையாமல் நிற்குமாயின் பிள்ளை பற்றிக்கொள்ள ஒரு தூண் இருக்கிறது.

ஆறு பொருள் கூட்டிய மருந்து

ஏலாதிச் சூரணத்தைப் போல இந்நோய்க்கும் ஆறு பொருள்களைக் கூட்டலாம்.

முதலாவது, ஒரு பெரியவர். குடி புகுந்த வீட்டுப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும், வாரம் ஒருமுறையேனும் அமர்ந்து பேசக்கூடிய, வாக்கு மாறாத ஒருவர் வேண்டும். அறிவுரை கூறுவதைவிடச் சொன்ன நேரத்தில் வந்து நிற்பதே அவர் கடமை. சூரணத்தில் ஏலம் 1 பங்குதான். ஆயினும் மருந்துக்கு அதன் பெயரே அமைந்தது.

இரண்டாவது, கலையாத ஒழுங்கு. குடிப்பவர் வந்தாலும் வராவிட்டாலும் ஒரு வேளை உணவு, பிள்ளையின் பிறந்தநாள், பண்டிகை ஆகியவை நடந்தே தீர வேண்டும். அவர் தெளிவாக வந்தால் அமரலாம்; குடித்து வந்தால் அந்நிகழ்ச்சி அவருக்காகக் காத்திராது.

மூன்றாவது, ஏவலை நிறுத்துதல். புட்டி, சோடா, குவளை எதற்கும் பிள்ளையை அனுப்பலாகாது. குடியை விட இயலாத தந்தையும் இதனைச் செய்ய இயலும். வீட்டில் மீதம் வைக்காமலும், பிள்ளைக்கு ஒரு துளியும் கொடாமலும் இருக்க முடியும். குடிப்பவரிடம் முதலில் கேட்கத்தக்க வேண்டுகோள் இதுவே. பலர் இதற்கு இசைவர்.

நான்காவது, உண்மை. அப்பாவுக்குத் தலைவலி என்று பொய் கூறினால் பிள்ளை தன் கண்ணையே நம்பாது போகும். இது ஒரு நோய், இதற்கு நீ காரணம் அல்லை, இதனைத் தீர்க்கும் பொறுப்பும் உன்னுடையதன்று, ஆனால் உனக்கும் இதன் சாய்வு இருக்கக்கூடும் என்பதைப் பத்து வயது கடந்த பிள்ளையிடம் அமைதியான ஒரு பகலில் கூற வேண்டும்.

ஐந்தாவது, மாலை நேரம். பள்ளி விட்ட பிறகு, ஜீப்பு மலையிலிருந்து இறங்கும் வரையிலான பொழுதில் ஆபத்து வளர்கிறது. இந்தப் பொழுதைக் கையாண்டே ஐஸ்லாந்து நாடு பெருமாற்றம் கண்டது. 15, 16 வயதினரில் முந்தைய ஒரு மாதத்திற்குள் வெறி ஏறக் குடித்தவர்கள் 1998இல் 42 விழுக்காடு. 2016இல் 5 விழுக்காடு. விளையாட்டுக்கும் இசைக்கும் பொருளுதவி, பெற்றோர் தம்முள் செய்துகொண்ட உடன்பாடு, இரவில் பிள்ளைகள் வெளியே திரிவதற்குத் தடை ஆகியவை அதன் வழிகள். ஒரு கோயில் மண்டபமும் ஒரு விளக்கும் இரண்டு ஆசிரியர்களும் இருந்தால் ஒரு தெருவின் மாலை நேரத்தைக் காத்துவிடலாம்.

ஆறாவது, தக்க உதவி. கணவரைக் குடிக்கு இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார்; 1992இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். குடிப்பவரோடு குடும்பத்தாருக்கும் உதவி வேண்டும் என்பது அந்நிறுவனம் தொடக்கம் முதல் கடைப்பிடித்த நெறி. ஏலமலை அடிவாரத்தார்க்கு அருகில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். போதை மீட்புக்கு 14446, துன்புறும் பிள்ளைகளுக்கு 1098 என்ற எண்களில் தொலைபேசி உதவி கிடைக்கிறது. ஒன்று நினைவிருக்க வேண்டும்: நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் மருத்துவத் துணையின்றித் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஏற்பட்டு உயிருக்கே ஊறு நேரலாம். விரதம் ஏற்கும் நாளுக்கு முன்பே மருத்துவரைக் காண வேண்டும்.

அறம் போற்றும் குடும்பங்களுக்கு

மது, ஊன், தேன் மூன்றையும் விலக்குதலும் ஐந்து அணுவிரதங்களும் சேர்ந்த எட்டு மூல குணங்களைப் போற்றும் மரபில், இப்பேச்சு பிறருக்கானது என்று தோன்றக்கூடும். விரதம் ஒரு குடும்பத்திற்குப் பெருங்காவல் என்பதில் ஐயமில்லை. ஆனால் விரதம் உள்ள வீட்டில் ஒருவர் தவறினால், அத்தவறு பிற வீடுகளினும் ஆழமாக மறைக்கப்படும் என்பதும் மெய். வெளியூரில் பணியாற்றும் மகனின் பழக்கம், வணிகத் தோழமையில் தொடங்கிய பெரியப்பாவின் பழக்கம் ஆகியவை ஊரறியாமல் காக்கப்படுகின்றன. அக்காவலின் பாரம் பிள்ளையின் தோளில் ஏறுகிறது. வெளியே சொல்லாதே என்று ஆணையிடப்பட்ட பிள்ளைக்கு ஆசிரியரும் இல்லை, பாட்டியும் இல்லை, அண்டை வீடும் இல்லை. கவாயித் தீவின் பிள்ளைகளைக் காத்த அத்தனை கதவுகளும் அதற்கு அடைபடுகின்றன.

குடும்ப மானம் காக்கத்தக்கதே. எனினும் அதன் விலையைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை செலுத்தலாகாது. கொல்லாமையை உடலோடு நிறுத்தாமல் மனத்தின் வலி வரை விரித்து உரைத்தது சமண அறம். ஒரு பிள்ளை இரவில் விழித்துக் கிடக்கும் வலியும் அந்த அறத்தின் எல்லைக்குள் வருவதே. விழாவுக்குக் கூடும் உறவினர்களுள், முன்போல் விளையாடாமல் ஒதுங்கி நிற்கும் பிள்ளை ஒன்று இருக்கலாம். மதிப்பெண் திடீரெனக் குறைந்த பிள்ளை, வீட்டுக்குத் திரும்ப மனமின்றிப் பிறர் வீட்டிலேயே தங்கும் பிள்ளை இருக்கலாம். அதன் அருகே ஒரு பெரியவர் அமர்ந்து, எதையும் துருவிக் கேளாமல், அடுத்த ஞாயிறு வந்து அழைத்துச் செல்கிறேன் என்று கூறி, அந்த ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து நின்றால், மருந்தின் முதற்பங்கு அங்கே சேர்ந்துவிட்டது.

மலையில் காய் எடுப்போர் முற்றிய காயை எடுத்து, பிஞ்சைச் சரத்திலேயே விட்டு, அதற்காக மீண்டும் வருகின்றனர். பிள்ளைகளிடமும் அவ்வாறு பெரியோர் மீண்டும் மீண்டும் வருவார்களாக. இளையோர் நலம் பெறுக! அறம் ஓங்குக!